பதினோரு நாள் பங்காளி

முதலாளி இல்லாத கம்பெனி என்று சொன்னால் கோயமுத்தூரில் யாரும் சந்தோஷப்படுவதில்லை, சந்தேகப்படுகிறார்கள். ஆள் சேர்க்கக் கிளம்பிய முதல் வாரத்திலேயே கௌசிகாவுக்கு இது தெரிந்துபோயிற்று.

"ஓடிப் போயிட்டாருங்களா?" என்று கேட்டார் சரவணம்பட்டியில் ஒரு இளம் பொறியாளர்.

"இல்லீங்க, மொதல்லேர்ந்தே கிடையாதுங்க. சேர்ற எல்லாருமே முதலாளிதான். வேலையும் நம்முளுது, லாபமும் நம்முளுது. வருசக் கடைசில பிரிச்சுக்குவோம்."

"லாபம் வரலீன்னா?"

"அதையும் பிரிச்சுக்குவோம்."

"சரிங்க. லீவு யாருகிட்டக் கேக்கறது?"

"யாருகிட்டயும் கேக்க வேண்டாங்க. மத்தவங்களுக்கு ஒரு வார்த்தை சொன்னாப் போதும்."

அவர் முகம் சுருங்கிவிட்டது. மறுப்பதற்கு ஆள் இல்லாத இடத்தில் லீவு போட்டு என்ன ருசி என்று நினைத்தாரோ என்னவோ, "வீட்ல கலந்துட்டுச் சொல்றேனுங்க" என்று எழுந்துகொண்டார். அதன்பிறகு கௌசிகாவின் போனை அவர் எடுக்கவே இல்லை.

கம்பெனியின் பெயர் பங்காளி. பீளமேட்டில், மோட்டார் பம்பு விற்கும் கடைக்கு மேலே இரண்டு அறைகள். பங்கு போட்டுக்கொள்பவர்கள் என்ற நல்ல அர்த்தத்தில் ஷமீமா வைத்த பெயர் அது. "நம்மூர்ல பங்காளின்னா வரப்புக்காகக் கோர்ட்டுக்குப் போறவன்" என்று இளம்பரிதி சொல்லிப் பார்த்தான். ஓட்டெடுப்பில் தோற்றான். கம்பெனியில் அப்போது இருந்ததே இந்த மூன்று பேர்தான். இளம்பரிதி மென்பொருளின் மூளையை எழுதினான். ஷமீமா அதற்கு முகமும் கைகாலும் செய்தாள். கௌசிகா அதற்கு முன் ஒரு பெரிய கம்பெனியில் ஆளெடுக்கும் பிரிவில் இருந்தவள். ஆட்களை எடுப்பது மட்டுமல்ல, அனுப்புவதும் அங்கே அவள் வேலை. ஒருநாள் காலையில் கணினித் திரையில் தோன்றி, மேலிடம் எழுதிக் கொடுத்ததை வாசித்து ஒரு மாடியில் வேலை பார்த்த அத்தனை பேரையும் வீட்டுக்கு அனுப்பினாள். அன்று சாயங்காலமே தானும் எழுந்து வந்துவிட்டாள். கல்லூரியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்த ஷமீமாதான் அவளைப் பங்காளிக்குக் கூட்டி வந்தவள்.

அவர்கள் செய்த மென்பொருளுக்கு இணக்கம் என்று பெயர். இரண்டு பேர் கால் மணி நேரம் எதையாவது பேசிக்கொண்டிருந்தால் போதும், இவர்கள் எத்தனை நாள் ஒத்துப்போவார்கள் என்று ஒரு எண்ணைச் சொல்லும். கூட்டாக பேக்கரி வைக்கப் போகிற மாமன் மச்சான் இருவர் ஒருமுறை வந்திருந்தார்கள்.

"ஏனுங்க, இது கிளி ஜோசியமாட்டங்களா?" என்றார் மாமன்.

"இல்லீங்க. நீங்க என்ன பேசறீங்கங்கறது இதுக்கு முக்கியமில்ல" என்று இளம்பரிதி விளக்கினான். "அவர் பேசி முடிச்சு எவ்வளவு நேரங்கழிச்சு நீங்க பதில் சொல்றீங்க, அவர் பேசறப்ப உங்க மூச்சு எப்படிப் போகுது, சிரிப்பு தொண்டைலருந்து வருதா வயித்துலருந்து வருதா, இதத்தான் கேக்குது. லட்சக்கணக்கான பேர் அனுப்பி வெச்ச பேச்சுப் பதிவுகளக் கேட்டுப் படிச்சிருக்குது."

அவர்களுக்கு வந்த எண் நானூற்றிச் சொச்சம். இருவரும் விழுந்து விழுந்து சிரித்துவிட்டுப் போய்க் கடையைத் திறந்தார்கள். சொன்ன நாளுக்கு முந்தின நாளே கல்லாப்பெட்டி தெருவில் வந்து விழுந்தது. அந்தச் செய்தி பரவியதும் இணக்கத்துக்கு ஏக மவுசு. அறை பகிர்ந்துகொள்ளும் பெண்கள், கூட்டுத் தொழில்காரர்கள், சம்பந்தம் பேசுகிறவர்கள் என்று எல்லோரும் எண் கேட்டார்கள். மூன்று மாநிலங்களின் அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கங்கள் சேர்ந்து ஒரு பெரிய ஆர்டரும் கொடுத்தன. பக்கத்துப் பக்கத்து வீட்டில் யாரை வைக்கலாம் என்று பார்ப்பதற்காம். மூன்று பேரால் அதைச் செய்ய முடியாது. அதனால்தான் கௌசிகா ஊரெல்லாம் அலைந்தாள்.

அலைச்சல் போதாதென்று இளம்பரிதி ஒரு விதியையும் கொண்டுவந்தான். "வர்றவங்க எல்லாருக்கும் நம்மகூட இணக்கம் போட்டுப் பாக்கணும். அஞ்சு வருசத்துக்குக் கம்மியா வந்தா வேண்டாம்."

அவன் பயத்துக்குக் காரணம் இருந்தது. அவனுடைய அப்பாவும் பெரியப்பாவும் ஒரு நூல் மில்லைக் குறுக்கே சுவர் வைத்துப் பிரித்துக்கொண்டவர்கள். மெஷின்கள் ஒரு பக்கம், மின்சாரம் மறு பக்கம். இரண்டு பக்கமும் இருட்டிலேயே மூடிப்போயிற்று. அவன் அதைச் சொன்னதும் மற்ற இருவராலும் மறுக்க முடியவில்லை.

அந்த வாரமே கௌசிகாவுக்கு நாகமாணிக்கம் கிடைத்தார். ஐம்பதைத் தாண்டிய வயது, கட்டை மீசை, ஏழு கம்பெனிகளில் வேலை பார்த்து எட்டிலிருந்து அனுப்பப்பட்டவர். எட்டாவதில் நேர்முகத் தேர்வன்றே தகராறு. சட்டையில் காபிக் கறையோடு வந்து உட்கார்ந்தவர், லாபம், லீவு எதையும் கேட்கவில்லை. "உங்க மென்பொருள நேத்து வாங்கிப் பாத்தேன் அம்மணி. அதுல மூணு எடத்துல அசட்டுத்தனம் இருக்குது. சொல்லட்டுங்களா?" என்றுதான் ஆரம்பித்தார். ஆறு வாரமாக அவள் காதில் விழுந்த முதல் உருப்படியான பேச்சு அது.

இளம்பரிதியோடு அவரை உட்காரவைத்து இணக்கம் போட்டார்கள். கால் மணி நேரம் என்பது ஏழு நிமிடத்திலேயே சத்தமாகி முடிந்தது. எண் வந்தது: பதினொன்று.

"பதினோரு வருசங்களா?" என்றார் நாகமாணிக்கம்.

"நாளுங்க" என்றாள் கௌசிகா.

"பரவால்லீங்களே! கடைசிக் கம்பெனில பதினோரு நிமிசங்கூடத் தாங்கல" என்று உண்மையாகவே மகிழ்ந்துபோனார். அப்படிப்பட்ட மனிதரிடம் இடமில்லை என்று சொல்ல வேண்டியிருந்தது. பழைய கம்பெனியில் திரைக்கு முன்னால் உட்கார்ந்த அந்தக் காலையின் கசப்பு அவள் வாயில் திரும்ப வந்தது.

பிறகு விதிப்படியே ஆட்கள் கிடைத்தார்கள். ஏழு பேர். ஏழும் தங்கம். அவர்களில் குணசீலனுக்கு எல்லோரோடும் முப்பது வருஷத்துக்கு மேல் வந்தது. கதவைத் திறந்தால் இன்னொருவர் வருகிறாரா என்று பார்த்து, வராவிட்டாலும் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டு நிற்கும் ஆள் அவர்.

ஏழு பேரும் சேர்ந்த அன்று, விளையாட்டாகப் பழைய மூவரும் தங்களுக்குள் இணக்கம் போட்டுப் பார்த்தார்கள். கௌசிகாவுக்கும் ஷமீமாவுக்கும் வந்த எண் ஐம்பத்திரண்டு.

"ஐம்பத்திரண்டு வருசமா? அதுவரைக்கும் உன்னோட மல்லுக்கட்டணுமா நான்?" என்று ஷமீமா சிரித்தாள். திரையில் நாள் என்றே போட்டிருந்தது. சிரிப்பு பாதியில் நின்றது. விதி புதியவர்களுக்குத்தான், பழையவர்களுக்கு இல்லை என்று இளம்பரிதி அவசரமாகச் சொன்னான். யாரும் அதைப் பற்றி மேற்கொண்டு பேசவில்லை.

பேசவில்லையே தவிர, இருவரும் அதை மறக்கவும் இல்லை. இருபது வருஷச் சிநேகிதத்தை ஒரு வாய்த்தவறலில் தொலைத்துவிடக் கூடாது என்று கௌசிகா பயந்தாள். ஷமீமா செய்த திரை வடிவம் பிடிக்காதபோதும் "நல்லாருக்கு" என்றாள். கௌசிகாவின் சாப்பாட்டு டப்பாவிலிருந்து கேட்காமல் எடுத்துத் தின்கிற ஷமீமா, இப்போது "கொஞ்சம் எடுத்துக்கட்டுமா?" என்று கேட்டாள். ‘டி’ போய் ‘நீ’ மட்டும் மிஞ்சியது. ஒரு மாதங்கழித்து இருவரும் மற்றவர்களுக்குத் தெரியாமல் போட்டுப் பார்த்தபோது எண் மூன்று வருஷத்துக்கு ஏறியிருந்தது. இன்னும் ஒரு மாதத்தில் ஒன்பது வருஷம். சந்தோஷமாகத்தான் இருக்க வேண்டும். ஆனால் சாயங்காலம் பஸ்ஸில் தனியாகப் போகும்போது, இன்றைக்கு ஷமீமாவோடு என்ன பேசினோம் என்று யோசித்தால் ஒன்றும் ஞாபகத்துக்கு வரவில்லை.

கம்பெனியும் அந்த மாதிரியே ஆகிவிட்டது. கூட்டம் போட்டால் கல்யாண வரவேற்பு மாதிரி உபசாரம், சந்தன வாசனைதான் வரவில்லை.

"இந்தப் பொத்தான் பச்சையா இருக்கட்டுமா, நீலமா இருக்கட்டுமா?" என்று ஷமீமா கேட்பாள்.

"உங்க இஷ்டங்க" என்பார் குணசீலன்.

"நீங்க சொல்லுங்க."

"அவரு சொல்லட்டுங்க."

அந்த அவரும் இன்னொருவரைக் காட்டுவார். சுற்றிவந்து ஷமீமாவிடமே திரும்பும். பொத்தான் இரண்டு வாரம் நிறமில்லாமல் கிடந்தது.

அப்படித்தான் அடுக்குமாடிச் சங்கங்களுக்குப் போன புதுப் பதிப்பில் ஓர் ஓட்டை விழுந்தது. புதுப் பதிப்பு சொற்களையும் கவனித்தது; பேச்சில் ‘ங்க’ அதிகம் வந்தால் அதை அன்பென்று எடுத்துக்கொண்டது. வெளியூரில் அது சரியாகவே இருந்திருக்கும். கொங்கு நாட்டிலோ மனிதர்கள் சட்டையைப் பிடிக்கும்போதும் "விடுங்க, உங்களைக் கொல்லாம விடமாட்டேனுங்க" என்றுதான் சொல்வார்கள். சாக்கடைத் தண்ணீருக்காகப் பதினெட்டு வருஷமாக வழக்கு நடத்தும் இருவருக்கு ‘ஆயுள் முழுவதும்’ என்று எண் வந்தது. சங்கம் அவர்களுக்குப் பக்கத்துப் பக்கத்து வீட்டை ஒதுக்கியது. மூன்றாம் நாள் போலீஸ் வந்தது. மறுநாள் சங்கத்துக்காரர்கள் கூப்பிட்டு, இரண்டு வாரத்தில் சரிசெய்யாவிட்டால் ஆர்டர் ரத்து என்றார்கள்.

"இது யாரு கண்ணுலயும் படலீங்களா?" என்று இளம்பரிதி தலையில் கைவைத்தான்.

குணசீலன் மெதுவாகச் சொன்னார்: "எனக்குப் பட்டுச்சுங்க. சொன்னா உங்க மனசு கஷ்டப்படுமேன்னு…"

மற்ற ஆறு பேரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். அவர்கள் கண்ணிலும் பட்டிருந்தது.

கௌசிகா எழுந்தாள். "நாகமாணிக்கத்தச் சேத்துக்கலாங்க. இன்னிக்கே ஓட்டுக்கு விடறேன்."

"பதினோரு நாள்தான் கௌசிகா!" என்றான் இளம்பரிதி.

"நமக்கு இருக்கறதே ரெண்டு வாரம்தான?"

ஓட்டுக்கு விட்டார்கள். ஏழு பேரும் "உங்க இஷ்டங்க" என்றார்கள். முதல்முறையாக அந்தச் சொல் பயன்பட்டது.

நாகமாணிக்கம் வந்தார். சேர்ந்த அன்றைக்கே முழு உறுப்பினர், மற்றவர்களுக்குச் சமமான பங்கு, சமமான ஓட்டு. அதுதான் பங்காளியின் சட்டம். வந்த முதல் மணி நேரத்தில் நாற்காலியைப் பற்றியும், இரண்டாவது மணி நேரத்தில் இளம்பரிதி எழுதியிருந்த மூளையைப் பற்றியும் சண்டை போட்டார். பொத்தானைப் பார்த்து "மஞ்சள் பூசுங்க, கண்ணுக்காவது தெரியட்டும்" என்றார். குணசீலனிடம், "உங்களுக்குன்னு ஒரு அபிப்ராயம் இல்லீங்களா, இல்ல வீட்ல வெச்சுட்டு வந்துட்டீங்களா?" என்று கேட்டார். குணசீலன் அன்று மத்தியானம் சாப்பிடவில்லை. ஆனால் சாயங்காலம் தயங்கித் தயங்கி அவர் மேஜைக்குப் போய், ஓட்டை எந்த இடத்தில் இருக்கிறதென்று காட்டிக் கொடுத்தார். ஒரு வாரத்தில் அதை அடைத்தார்கள். சங்கத்துக்காரர்கள் சமாதானமானார்கள்.

பதினோராம் நாள் காலையில் இளம்பரிதி, யாரோடும் பேசாமல் இருந்துவிடுவது என்று உறுதியோடு வந்தான். நாகமாணிக்கம் அவன் எதிரில் வந்து உட்கார்ந்தார்.

"ஒண்ணு கேக்கணும். இந்த எண்ண நம்பியா ஊரெல்லாம் வித்துட்டிருக்கறீங்க?"

"அந்த ‘ங்க’ ஓட்டையத் தவிர இதுவரைக்கும் ஒண்ணாவது தப்பாச்சுங்களா?"

"சண்டை வரும்னு சொன்ன நாளுக்குச் சண்டை வருது. நான் மறுக்கல. அதுக்கப்புறம்?"

"அதுக்கப்புறம் என்னங்க?"

"அதத்தான் கேக்கறேன். இது எதக் கேட்டுப் படிச்சுது? சண்டை போட்டவங்க அனுப்புன பதிவைக் கேட்டு. சண்டை போட்டவன் கோவத்துல உங்களுக்கு அனுப்புனான். மறுபடி சேந்துக்கிட்டவன் டீ குடிக்கப் போயிட்டான். அவன் எதுக்கு உங்களுக்கு எழுதறான்? இதுக்கு மனுசங்க பிரியறது மட்டும்தான் தெரியும். அந்த பேக்கரிக்காரங்க பிரிஞ்சாங்கன்னு சொன்னீங்களே, இன்னிக்குக் காலைல அங்கதான் பன்னு வாங்கினேன். மாமன் கல்லாவுல, மச்சான் அடுப்புல."

இளம்பரிதியின் முகம் சிவந்தது. "எங்கப்பாவும் பெரியப்பாவும் இன்னிக்கு வரைக்கும் பேசிக்கல. உங்களுக்கு என்னங்க தெரியும்?"

"எல்லாரும் சேருவாங்கன்னு நான் சொல்லல. நமக்குத் தெரியாதுன்னு சொல்றேன். தெரியாததத் தெரியும்னு விக்கறது திருட்டு!"

திருட்டு என்ற சொல் விழுந்ததும் மேஜை அதிர்ந்தது. இளம்பரிதி அவரைக் கிழட்டுப் பூச்சாண்டி என்றான். அவர் அவனைப் பால்குடி மறக்காத ஜோசியன் என்றார். கீழே பம்புக் கடையில் வியாபாரம் நின்றுபோய் எல்லோரும் மேலே பார்த்தார்கள்.

"நான் போறேன்!" என்று நாகமாணிக்கம் பையை எடுத்தார்.

"போங்க!"

படிவரைக்கும் போனவர் திரும்பினார். "யாருகிட்டச் சொல்லிட்டுப் போகணும்?"

"உறுப்பினர் கூட்டத்துலதாங்க சொல்லணும்" என்றாள் ஷமீமா.

"கூட்டத்த யாரு கூட்டறது?"

"எந்த உறுப்பினர் வேணாலும் கூட்டலாங்க."

"அப்ப நானே கூட்டறேன். எல்லாரும் உக்காருங்க" என்று அவரே நாற்காலியை இழுத்துப் போட்டார். "நாகமாணிக்கம் ராஜினாமா பண்றாரு. சம்மதிக்கறவங்க கை தூக்குங்க."

இளம்பரிதி மட்டும் தூக்கினான். ஏழு நல்லவர்களும் பழக்கத்தில் ‘உங்க இஷ்டங்க’ என்று வாயைத் திறந்து, யாருடைய இஷ்டம் என்று தெரியாமல் மூடிக்கொண்டார்கள்.

"போனா என்னோட பங்கு என்னாகுமுங்க?" என்று கேட்டார் நாகமாணிக்கம்.

"விட்டுட்டுத்தான் போகணுங்க" என்றாள் கௌசிகா. "அது மட்டுமில்ல, நாளைக்கு இந்த மென்பொருள என்ன பண்றதுன்னு முடிவு பண்றப்ப உங்களுக்கு ஓட்டு இருக்காது."

அவர் கொஞ்ச நேரம் மீசையைத் தடவினார். "அதெப்படி? நான் கண்டுபிடிச்ச தப்ப நான் இல்லாம எப்படி முடிவு பண்ணுவீங்க? இந்த ராஜினாமாவ நான் எதுத்து ஓட்டுப் போடறேன்."

ராஜினாமா தோற்றது. ராஜினாமா செய்தவரே பையைப் பழைய இடத்தில் வைத்துவிட்டு உட்கார்ந்தார். இளம்பரிதி தூக்கிய கையை எப்போது இறக்குவது என்று தெரியாமல் வைத்திருந்தான். எட்டுக் கம்பெனிகளிலும் இப்படி ஒரு சண்டைக்குப் பிறகு மனிதர் வாசலுக்கு வெளியே நின்றிருக்கிறார். அனுப்ப ஆள் இருந்தது, அனுப்பினார்கள். இங்கே அனுப்ப ஆளில்லை. பதினோராம் நாள் பொழுது சாய்ந்தது. அவர் அங்கேயே இருந்தார். இளம்பரிதி போய் இரண்டு டீ வாங்கி வந்தான். ஒன்றை அவர் முன்னால் வைத்தான். அவர் எடுத்துக் குடித்தார்.

மறுநாள் கூட்டத்துக்கு வந்த கேள்விதான் பெரிய கேள்வி. இந்த எண் முதல் பெரிய சண்டையை மட்டுமே சொல்லும், பிரிவைச் சொல்லாது என்று வாங்கியவர்கள் எல்லோரிடமும் சொல்லிவிடுவதா? சொன்னால் பாதிப்பேர் பணத்தைத் திருப்பிக் கேட்பார்கள். இந்த வருஷம் பிரித்துக்கொள்ள ஒன்றும் இருக்காது. ஷமீமா வீட்டுக் கடனுக்கு அந்தப் பங்கைத்தான் நம்பியிருந்தாள்.

"நீ என்ன சொல்றே?" என்று அவள் கௌசிகாவிடம் கேட்டாள்.

வாங்கியவர்களிடம் சொல்லிவிட வேண்டும் என்றுதான் கௌசிகா நினைத்தாள். ஷமீமாவின் கடன் நினைவுக்கு வந்தது, அந்த எண்ணும் நினைவுக்கு வந்தது. "உன் இஷ்டம்" என்றாள்.

ஷமீமா எழுந்து நின்றாள். "என் இஷ்டமா? மூணு மாசமா இதே பேச்சு! ஒன்பது வருசம்னு காட்டுதே, ஒன்பது நிமிசமாவது என்கூடப் பேசியிருக்கியாடி? நான் போட்ட நீலம் கேவலமா இருந்துச்சு. நீ நல்லாருக்குன்னே. உன் மூஞ்சியப் பாத்தாலே தெரியுது, பொய்!"

"நீ மட்டும்? டப்பாவத் தொடறதுக்குப் பர்மிசன் கேக்கறே! நான் என்ன உனக்கு ஒறம்பரையா, விருந்தாளியா?" கௌசிகாவும் எழுந்து நின்றாள். "கேவலமாத்தான் இருந்துச்சு! நெஜமாவே வாந்தி வர்ற நீலம்! கடன் இருந்தாலும் சொல்லித்தான் ஆகணும் ஷமீ, இல்லீன்னா நாம திருடங்கதான்!"

"அப்படிச் சொல்லேன்டி மொதல்லயே!" என்று கத்திவிட்டு ஷமீமா அழுதாள். கௌசிகாவும் அழுதாள். ஏழு நல்லவர்களும் என்ன செய்வதென்று தெரியாமல் ஆளுக்கொரு கைக்குட்டையை நீட்டினார்கள்.

அந்த நேரத்தில்தான் குணசீலன் தொண்டையைக் கனைத்தார். "எனக்கு ஒரு அபிப்ராயம் இருக்குதுங்க." எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். "சொல்லியே ஆகணுங்க. பொள்ளாச்சில ஒரு பொண்ணுக்குக் கல்யாணம் நின்னுபோச்சுங்க, நம்ம எண்ணால. ரெண்டு மாசம் முன்னாடியே அவங்க நமக்கு எழுதினாங்க. உங்களுக்கெல்லாம் கஷ்டமா இருக்கும்னு நான் காட்டலீங்க. என்னைத் திட்டுங்க."

ஒருவரும் திட்டவில்லை. ஓட்டெடுப்பில் பதினோரு பேரும் கை தூக்கினார்கள். நாகமாணிக்கம் இரண்டு கையையும் தூக்கினார், ஒன்றைத்தான் எண்ணினார்கள்.

மறுநாள் எல்லோருக்கும் அறிவிப்பு போயிற்று. பொள்ளாச்சிக்கு மட்டும் கௌசிகா நேரிலேயே போனாள். இன்னொரு முறை திரையில் தோன்றி வாசிக்க அவளுக்கு மனமில்லை.

கல்யாணம் நின்றுபோன கோகிலவாணி கால்நடை மருத்துவர். அப்போதுதான் ஒரு மாட்டுக்குப் பிரசவம் பார்த்துவிட்டு வந்து, வாசல் குழாயடியில் முழங்கைவரை சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டிருந்தாள். கௌசிகா நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். எண்ணுக்கு உண்மையில் என்ன அர்த்தம், எப்படித் தவறாக விற்றார்கள், எல்லாம்.

"எட்டு மாசம்னு வந்துச்சுங்க" என்றாள் கோகிலவாணி. "அதப் பாத்துட்டு மாப்பிள்ளை வீட்ல போன்லயே முடிச்சுட்டாங்க. எட்டு மாசத்துல சண்டை வரும்னு எனக்குத் தெரியாதுங்களா? நான் மூணு மாசத்துலயே எதிர்பாத்தேன். அவருக்கு வாய் ஜாஸ்தி, எனக்கு அதவிட ஜாஸ்தி. சண்டை போட்டுட்டு எப்படித் திரும்பி வருவோம்னு பாக்கணும்னு ஆசையா இருந்துச்சு. அதத்தான் நீங்க எடுத்துட்டீங்க." குழாயை இறுக்கி மூடினாள். "அவரு இப்ப வேற எடத்துல நிச்சயம் ஆயிட்டாரு. உங்க முதலாளி யாருங்க? அவரப் பாக்கணும்."

"முதலாளின்னு தனியா யாரும் இல்லீங்க. பதினோரு பேரு. நான் அதுல ஒருத்தி."

"வேலைக்காரின்னு சொல்லித் தப்பிச்சுக்க மாட்டீங்களா?"

"முடியாதுங்க."

கோகிலவாணி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "இனி என்ன பண்ணப் போறீங்க?"

"சண்டைக்கு அப்புறம் என்ன ஆகுதுன்னு யாரும் கேட்டு வைக்கலீங்க. வீடு வீடாப் போய்க் கேக்கணும். எப்படிச் சேந்தாங்க, யாரு மொதல்ல பேசினாங்க, சேரலீன்னா எதனால. அதுக்கு ஆள் தேடிட்டிருக்கறோம். இந்த வருசம் பிரிச்சுக்க லாபம் ஒண்ணும் இல்லீங்க, அதயும் இப்பவே சொல்லிடறேன்." சொல்லும்போதே, தான் செய்யும் காரியம் எவ்வளவு வெட்கங்கெட்டது என்று கௌசிகாவுக்கு உறைத்தது. மன்னிப்புக் கேட்க வந்த இடத்தில் ஆள் பிடிக்கிறாள். ஆனாலும் வாய் நிற்கவில்லை. "நீங்க வந்தா நல்லா இருக்குமுங்க."

கோகிலவாணி கையைத் துடைத்தாள். ஒவ்வொரு விரலாகத் துடைத்தாள். பிறகு உள்ளே போய் இரண்டு நாற்காலிகளைத் தூக்கி வந்து எதிரெதிராகப் போட்டாள்.

"வர்றேன்" என்றாள். "ஆனா அதுக்கு முன்னாடி ஒரு மணி நேரம் உங்களத் திட்டணும். ரெண்டு மாசமா யாரத் திட்டறதுன்னே தெரியாம இருந்தேன். உக்காருங்க."

கௌசிகா போனை அணைத்துப் பைக்குள் போட்டாள். உட்கார்ந்தாள்.

"சொல்லுங்க" என்றாள்.